காட்டுத்தீயின்போது அக்கம்பக்கத்தார் எப்படி உதவ முடியும்?

"குன்னூரில் காட்டை ஒட்டி வீடு. தீ வந்தால் தீயணைப்பு வண்டி வராதா, ஊர்க்காரர்கள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு நம் குறுகிய பாதைகளில் வண்டி ஏறாது. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் பிடித்த தீக்கு விமானப்படை ஹெலிகாப்டரே தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

அதனால் ஜனவரியிலேயே அக்கம்பக்கத்தில் பேசுங்கள். உங்கள் வாசல் சுத்தமாக இருந்தும், கீழ்மனையில் உண்ணிச்செடி காய்ந்து கிடந்தால் பிரயோஜனமில்லை. அந்த மனைக்காரர் சென்னையில் இருப்பார். அவர் நம்பர் யாரிடமாவது இருக்க வேண்டும், அப்புறம் நாலு பேர் சேர்ந்து வெட்ட வேண்டும். தகரக்கூரை ஓரத்துச் சருகையும் தள்ளுங்கள், பறந்து வரும் பொறிக்கு அது போதும். எந்த வீட்டுப் பாட்டியால் நடக்க முடியாது என்பதும் பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும்.

காட்டுக்குள் இறங்கி அணைப்பதை மட்டும் வனத்துறையிடம் விட்டுவிடுங்கள்.