வேகக் கணக்கில் சமன்பாடு எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இருபடிச் சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் போட்டுவிடுகிறாள். ஆனால், "300 கி.மீ. செல்லும் பேருந்து மணிக்கு 10 கி.மீ. வேகம் கூட்டினால் 1 மணி நேரம் முன்னதாகச் சேரும். வழக்கமான வேகம் என்ன?" என்று கேட்டால் பேனாவை வைத்துவிடுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: கேள்வியைப் படித்ததுமே சமன்பாட்டைத் தேடுவதால் வரும் திணறல் இது. அதை இப்போதைக்குத் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் தூரம், வேகம், நேரம் என மூன்று பத்தி போட்டு ஓர் அட்டவணை வரையட்டும். வழக்கமான பயணத்துக்கு ஒரு வரி, வேகம் கூட்டிய பயணத்துக்கு ஒரு வரி.

தூரம் இரண்டிலும் 300. வேகம் தெரியாது, முதல் வரியில் 'வே' என்று வைத்தால் இரண்டாவதில் வே+10. இந்த இரண்டு பத்திகளுக்குக் கேள்வி தருவது இவ்வளவுதான். நேரத்தை நாமே நிரப்ப வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் 300/வே, 300/(வே+10). சரி, கேள்வியில் இன்னும் தொடாத துண்டு எது? '1 மணி நேரம் முன்னதாக'. நாம் நிரப்பிய அதே பத்தியைப் பற்றித்தான் அது பேசுகிறது. சமன்பாடு அங்கே இருக்கிறது.

எதிலிருந்து எதைக் கழிப்பது? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்கும் இடம் இதுதான். வே+10 பெரிதாகத் தெரிவதால் அதை முன்னால் எழுதிவிடுவார்கள். "மெதுவாகப் போனால் நேரம் கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேளுங்கள், அவளே சொல்லிவிடுவாள்.

300/வே − 300/(வே+10) = 1

சுருக்கினால் வே² + 10வே − 3000 = 0. காரணிகள் (வே−50), (வே+60). வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் விடை 50. ஆனால் அந்த −60ஐயும் ஒரு முறை பாருங்கள். குறியை எடுத்துவிட்டால் 60, கூட்டிய வேகம்! இந்த வகைக் கணக்கில் எப்போதும் இப்படித்தான் வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சரிபார்க்கவும் உதவும்: 50இல் 6 மணி நேரம், 60இல் 5 மணி நேரம்.

'40 நிமிடம் முன்னதாக' என்று வந்தால் வலப்பக்கம் 40 எழுதக் கூடாது. வேகம் மணிக்கணக்கில் இருப்பதால் 2/3 என்றுதான் எழுத வேண்டும்.

அப்புறம், ஒரு வாரத்துக்கு விடையே வேண்டாம். தினம் ஐந்து கணக்கு எடுத்து, அட்டவணை போட்டு, சமன்பாட்டை எழுதியதும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். மீதிதான் அவளுக்கு ஏற்கெனவே வருகிறதே.