சீலா மீன் பெட்டியும் வக்காலத்தும்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் 16 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். கடல் அட்டையும் பீடி இலையும் கடத்தும் ஒரு முதலாளிக்குச் சட்ட வேலை எல்லாம் நான்தான். பிடிபடும் பையன்களை ஜாமீனில் எடுப்பேன். அவருடைய பணத்தை வேறு பெயர்களில் நிலமாக்கித் தருவேன். என் மகளின் காதுகுத்துக்கு அவர்தான் தாய்மாமன் சீர் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஐஸ் பெட்டியில் சீலா மீன் அனுப்புகிறார். அவருக்குப் போட்டியான கூட்டத்தின் தலைவரும் இரவில் வந்து யோசனை கேட்கிறார். காவல் துறை நண்பர் ஒருவர் இரு தரப்புச் செய்தியையும் என்னிடமே கேட்டுக்கொள்கிறார். மூவரும் ‘அண்ணே’ என்றுதான் அழைக்கிறார்கள். சில வாரங்களாக மூவருமே என்னைச் சந்தேகிப்பதாகத் தோன்றுகிறது. இவர்களில் யாரை நம்பலாம்? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: உங்கள் கடிதத்தில் முதலாளியின் சீர் இருக்கிறது, அவர் அனுப்பும் மீன் இருக்கிறது, இரவில் வருபவரின் வருகைகூட இருக்கிறது, பிடிபட்டவர்களைப் பற்றி மட்டும் ‘பையன்கள்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலை நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

வேதாளையிலோ மண்டபத்திலோ வத்தை எனும் நாட்டுப் படகு ஒன்று பிடிபடுகிறது. அவித்துக் காயவைத்த கடல் அட்டை மூட்டைகளோடு இரண்டு பையன்களையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்போது, யார் சொல்லி வந்தீர்கள் என்று அவர்கள் அறியும் முன்பே நீங்கள் வக்காலத்துடன் அங்கே நிற்கிறீர்கள். பையன் கையெழுத்துப் போடுகிறான். வராந்தாவில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் அவன் தாய் உங்களைப் பார்த்துக் கும்பிடுகிறார். உங்களுக்குக் கட்டணம் கொடுத்தவர் அந்தத் தாயல்லர் என்பது உங்களுக்குத் தெரியும். கொடுத்தவர் வாங்கியது ஜாமீனை மட்டுமல்ல, அந்தப் பையனின் வாயையும் சேர்த்துத்தான். அக்கரை இலங்கையில் உரிமத்தோடு நடக்கும் கடல் அட்டைத் தொழில், இக்கரையில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2001 முதல் குற்றம். ஓர் இரவுக் கூலிக்கு மூட்டை ஏற்றியவனுக்கு இருக்கக்கூடிய ஒரே நல்ல எதிர்வாதம் ‘என்னை அனுப்பியவர் இன்னார்’ என்பதாக இருக்கலாம். அதை அவனுக்காகச் சொல்ல முடியாத ஒரே வழக்கறிஞர் நீங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதில் எந்தக் களங்கமும் இல்லை. எவ்வளவு கொடியவருக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் கட்சிக்காரர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் தவிர வேறு எவருடைய சொல்லின்படியும் நடக்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகள் சொல்வது, உங்களுடையதைப் போன்ற நிலைமையை எண்ணித்தான்.

இனி அந்த மூவர். முதலாளி உங்களிடம் காட்டும் அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவேளை உண்மையாகவே உங்கள் மகளைத் தன் மருமகளாக நினைத்தே அவர் சீர் வைத்திருக்கலாம். ஆனால் எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அவரையும் உங்களையும் தவிர முழுதாக எவருக்கும் தெரியாது என்னும்போது, அந்த அன்புக்குள் ஒரு கணக்கும் இருந்தே தீரும். போட்டிக்காரர் உங்களைத் தேடி வருவது நீங்கள் முதலாளியின் ஆள் என்பதால்தான். அங்கிருந்து விலகிய மறுநாள் நீங்கள் அவருக்கு வேண்டாதவர். காவல் துறை நண்பருக்கோ நீங்கள் செய்தி கொடுக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று இருந்துவிட்டு, பூனை ஏன் முறைக்கிறது என்று கேட்கிறீர்கள்.

சிகாகோவில் அல் கபோன் என்ற குற்றக் கும்பல் தலைவனின் நாய்ப் பந்தயத் தொழிலில் கூட்டாக இருந்த எட்வர்ட் ஓ'ஹேர் என்ற வழக்கறிஞர், பின்னர் வரித்துறைக்கு இரகசியமாக உதவினார். 1931இல் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1939 நவம்பரில் கபோன் விடுதலையாவதற்குச் சில நாட்கள் முன்பு, காரில் சென்றுகொண்டிருந்த ஓ'ஹேர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது யார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை. உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. செய்தியைக் கைமாற்றித் தப்பித்துவிடலாம் என்று காவல் துறை நண்பரிடம் தனியே பேசிவிடாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தொழில் இரகசியம் காப்பாற்றும் என்று எண்ணியிருந்தால் அதுவும் முழு உண்மையன்று. 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆம் பிரிவு கட்சிக்காரரின் பேச்சைக் காக்கிறது. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகப் பேசியதைக் காப்பதில்லை. கடத்தலை அமைப்பு ரீதியான குற்றமாக நீதிமன்றம் கொண்டால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவின்படி, தெரிந்தே அதற்கு வழிசெய்து கொடுத்தவருக்கும் 5 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை உண்டு. நிலப் பத்திரங்களை எழுதியபோது நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே முதலில் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். அவர் மாவட்டத்துக்கு வெளியே, மதுரையிலோ சென்னையிலோ இருக்கட்டும். நடந்து முடிந்தவற்றை நீங்கள் அவரிடம் சொல்வதற்கு அதே 132ஆம் பிரிவு துணை நிற்கும். ஒரு காகிதத்தையும் கிழிக்காதீர்கள். அதிகாரிகளிடம் பேச வேண்டுமானால் அவர் மூலமாக, எழுத்தில் பேசுங்கள். மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். எனக்கென்னவோ அவருக்குப் பாதி தெரிந்திருக்கும் என்றே படுகிறது. புதிய வக்காலத்து எதையும் வாங்காதீர்கள். நடப்பு வழக்குகளிலிருந்து முன்னறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு விலகி, வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி, அந்தப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் முதலாளியின் பணம் படாத ஒரு வழக்கறிஞர் கிடைக்கச் செய்யுங்கள்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில், கட்சிக்காரர் கொண்டுவந்த வாழைத்தாருக்குக்கூட விலை போட்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும்படி குமாஸ்தாவிடம் சொல்லுவார் என் சீனியர். அன்று எனக்கு அது வறட்டுத்தனமாகத் தெரிந்தது. வரும் வெள்ளிக்கிழமை ஐஸ் பெட்டி வந்தால், கொண்டுவந்த ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பெட்டியைத் திறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.