எங்களுக்கு எத்தனை சதுர அடி போதும்?

வீட்டின் அளவைப் பற்றி மட்டும் வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: நான், மனைவி, ஏழு வயது மகள், என் அம்மா. இரண்டு படுக்கையறை போதும் என்கிறார் மனைவி. ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்தால் எங்கே படுப்பார்கள் என்று கேட்கிறார் அம்மா. மூன்றாவது அறைக்கு 18 லட்சம் கூடுதலாகிறது. (தாம்பரம் வாசகர்)

பதில்: அக்கா குடும்பம் வருடத்துக்கு எத்தனை நாள் வந்து தங்கும்? முதலில் அதை எண்ணுங்கள். நானும் விருந்தாளிகளுக்காகத்தான் மூன்றாவது அறை வாங்கினேன். அறையும் அதை ஒட்டிய குளியலறையும் சேர்த்து 135 சதுர அடி. லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா பங்கெல்லாம் ஏற்றி 190 சதுர அடிக்குப் பணம் வாங்கினார்கள். அப்போது சதுர அடி 5,000 ரூபாய், ஆக ஒன்பதரை லட்சம். ஒன்பது சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் அதுவே 20 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வருடத்தில் பத்து, பன்னிரண்டு நாள் வந்த சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹாலில் பாயை விரித்து, விடிய விடியப் பேசிவிட்டு அங்கேயே தூங்கினார்கள். அந்த அறையில் இன்றைக்குப் பழைய சூட்கேஸ்களும் இஸ்திரி மேஜையும்தான் இருக்கின்றன. இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் கணக்கு வேறு. மூன்றாவது அறை அக்காவுக்குத் தேவையில்லை. உங்கள் மகளுக்குத் தேவைப்படலாம். இப்போது பாட்டியும் பேத்தியும் ஒரே அறையில் சந்தோஷமாக இருப்பார்கள். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்து இரவு பன்னிரண்டு மணி வரை விளக்கைப் போட்டுப் படிக்கும்போது இருவருக்குமே கஷ்டம். அதற்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. அதே ஒன்பது சதவீத வட்டியில் 20 வருடம் என்றால், 18 லட்சத்துக்கு மாதத் தவணையே 16,000 ரூபாய்க்கு மேல் வரும். அது வீட்டுச் செலவில் கை வைக்கும் என்றால் இரண்டு அறையே வாங்குங்கள். ஆனால் அறைகளின் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி ஒரு அறை 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். மற்ற அறைகள் 7.5 சதுர மீட்டர், சுமார் 80 சதுர அடி இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் அறையே இல்லை என்பதற்கான எல்லைதான் அது. வசதியாக இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறரை அடி நீளக் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் இரண்டடி ஆழ அலமாரியை வைத்தால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறக்கக் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும். பதினொன்றுக்குப் பன்னிரண்டு என்றால், மூன்றடிக் கட்டில் இரண்டு போட்டாலும் படிக்கும் மேஜைக்கு இடம் கிடைக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். பிளானில் உள்ள அளவுப்படி அந்த அறையை இப்போது இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் கோலமாவால் வரையுங்கள். கட்டில், அலமாரி, கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் உள்ளே வரைந்து, அம்மாவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தடி அகல ஹால். எதிர்ச் சுவரில் 75 அங்குல டிவி மாட்டலாமா?

பதில்: சோபா போட்ட பிறகு எட்டு அடிதான் மிஞ்சும். 55 போதும்.

கேள்வி: 1,020 சதுர அடி என்று விளம்பரம் செய்தார்கள். ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா 730. விலை 46 லட்சம். குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. டேப் வைத்து அறை அறையாக அளந்தேன், 640தான் வருகிறது. பில்டர் போனையே எடுப்பதில்லை. பத்து வருடச் சேமிப்பு சார். (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் தவறே இல்லை. விளம்பரத்தில் வந்த 1,020, 'சூப்பர் பில்ட்-அப்' அளவாகத்தான் இருக்கும். அந்தச் சொல் வேண்டுமென்றே குழப்புவதற்காகவே புழங்குகிறது என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். லிஃப்ட் குழி, வாட்ச்மேன் அறை, படிக்கட்டு எல்லாவற்றையும் பங்குபோட்டு உங்கள் வீட்டின் தலையில் ஏற்றுகிறார்கள். கடையில் ஒரு கிலோ அரிசி கேட்டால் சாக்கையும் சேர்த்து நிறுத்துத் தருவார்களா? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்கிறோமே, அது கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. நீங்கள் புழங்கும் தரையும் உள்சுவர்களும் அதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், உங்களுக்கான பால்கனி, உங்களுக்கான திறந்த மாடி எதுவும் சேராது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது சூப்பர் பில்ட்-அப் எண்தான். எனக்கு ஆறாத கோபம் இது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். அறைகளை மட்டும் அளந்திருக்கிறீர்கள். நாலரை அங்குல உள்சுவர் மொத்தம் 75 அடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 28 சதுர அடி. அதைச் சேர்த்தால் 668. குறைவது 90 இல்லை, 62 சதுர அடி. பால்கனியை உள்ளே சேர்த்துத்தான் 730 காட்டியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். அதையும் தனியாக அளந்து வையுங்கள். 46 லட்சத்தை 730-ஆல் வகுத்தால் சதுர அடி 6,300 ரூபாய். 62 சதுர அடிக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம். அவ்வளவும் உங்கள் பணம்.

உரிமம் பெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்து அளந்து, கையெழுத்துப் போட்ட வரைபடமாக வாங்கிக்கொள்ளுங்கள். அளவு குறைந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஆவணங்களின் நகலை எனக்கு அனுப்பினால் நோட்டீஸ் எழுத உதவுகிறேன்.

கேள்வி: மாதிரி வீடு அருமையாக, விசாலமாக இருந்தது. அன்றே மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது பிறகு தருகிறோம் என்றார்கள். இப்போது வந்த பிளானில் படுக்கையறை ஒன்பதுக்குப் பத்து என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பிளானைப் பார்க்கவில்லை, ரசீது வாங்கவில்லை, ரெரா பதிவு எண்ணையும் கேட்கவில்லை. மூன்று லட்சத்தை இப்படியா கொடுப்பது? மாதிரி வீட்டில் பல அறைகளுக்குக் கதவே இருக்காது. ஒன்றில் நான் அளந்த கட்டில் ஐந்தரை அடிதான் இருந்தது. வளர்ந்தவர் காலை நீட்டிப் படுக்க முடியாது. நாளைக் காலையே போய் ரசீது வாங்குங்கள். தர மறுத்தால், நீங்கள் கொடுத்ததை ஒப்புக்கொள்ளும்படி வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கேள்வி: எனக்கு 63, கணவருக்கு 67. இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். தஞ்சாவூரில் சொந்த மனையில் நான்கு படுக்கையறை கட்டலாம் என்கிறார் கணவர்.

பதில்: யார் பெருக்கித் துடைப்பது அம்மா? கீழ்த்தளத்தில் இரண்டு அறை போதும். மேலே ஒரு மாடி எழுப்பத் தாங்கும்படி அஸ்திவாரமும் தூண்களும் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் திரும்பி வந்தால் அவர்கள் கட்டிக்கொள்ளட்டும்.

கேள்வி: கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி, வாக்கர் வைத்து நடக்கிறார். அவருடைய அறையின் பாத்ரூம் நாலுக்கு ஏழு. போதுமா? (கோவை வாசகி)

பதில்: விதிப்படி பார்த்தால் குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி வேண்டும். உங்களுடையது அதற்கும் இரண்டு சதுர அடி குறைவு. வாக்கரோடு சமாளிக்கலாம். நாளை சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அது திரும்பவே ஐந்தடி வெற்றிடம் வேண்டும். அதைவிட முக்கியம் கதவு. எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு 24 அங்குலம். அப்பாவின் கடைசி இரண்டு வருடமும் நாற்காலியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நானும் தம்பியும் அவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வாங்கும்போது அந்தக் கதவை நான் அளக்கவில்லை.

நிலைச்சட்டம் வைத்துவிட்டார்களா? இல்லை என்றால் நாளைக்கே சைட் இன்ஜினியரைப் பார்த்து, சட்டத்துக்கு உள்ளே 32 அங்குலம் வழி கிடைக்கும்படியும், கதவு வெளிப்பக்கம் திறக்கும்படியும் எழுதிக் கொடுங்கள். கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடத்தில் கெட்டியான சுவர் எழுப்பவும் இப்போதே சொல்லிவிடுங்கள்.