அலாஸ்காவின் போனான்சா கிரீக் ஆய்வுக் காட்டில் கருப்பு ஸ்புரூஸ் மரங்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன?

ஃபேர்பேங்க்ஸ் அருகிலுள்ள இந்தக் காட்டில் நூறு வயதான கருப்பு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம்கூட மணிக்கட்டுப் பருமனில் நிற்கக்கூடும். காரணத்தைத் தரையில் படர்ந்த பாசியில்தான் தேட வேண்டும்.

வடக்கு நோக்கிய சரிவுகளில் இறகுப்பாசியும் ஸ்பாக்னம் என்னும் சதுப்புப் பாசியும் தடித்த படுகையாக மூடியிருக்கின்றன. கோடை வெப்பம் அதைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. அடியில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால், வேர்களுக்குக் கிடைப்பது மேலே உருகும் மெல்லிய, ஈரமான அடுக்கு மட்டுமே. குளிரில் இலைதழை மட்குவதும் மெதுவாக நடக்கிறது. எனவே நைட்ரஜனுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இந்த வறுமையிலும் லாப்ரடார் டீ, புளூபெரி, லிங்கன்பெரி புதர்கள் தழைக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு!

மாறாக, தெற்குச் சரிவுகளிலும் தனானா ஆற்றங்கரையிலும் வெள்ளை ஸ்புரூஸும், பிர்ச், ஆஸ்பென் என்னும் இலையுதிர் மரங்களும் நன்கு உயர்ந்து வளர்கின்றன.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பு ஸ்புரூஸின் கூம்புகள் பிசினால் ஓரளவு மூடியே இருந்து, தீயின் வெப்பத்தில் திறந்து விதைகளைச் சிந்தும். அப்படித்தான் அதே காடு மீண்டும் எழுகிறது. ஆனால் தீ பாசிப் படுகையை ஆழமாக எரித்துவிட்டால் கனிம மண் வெளிப்பட்டு, காற்றில் வரும் பிர்ச், ஆஸ்பென் விதைகள் இடம்பிடித்துவிடும். 2004-ல் அலாஸ்காவில் 65 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தபின், பல இடங்களில் இந்த மாற்றத்தை ஆய்வாளர்கள் கண்டனர்.