வந்தவாசிப் போரை மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: நானும் நண்பரும் சிற்றுருவப் போர் விளையாட்டில், அதாவது குட்டி வீரர் உருவங்களை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தில், ஆர்வமுள்ளவர்கள். புதுச்சேரியில் எங்கள் பகுதியில் நடக்கும் இரண்டு நாள் வரலாற்றுக் கண்காட்சியில் ஆறடிக்கு நான்கடி மேசை ஒன்று தருகிறார்கள். வந்தவாசிப் போரைப் பொதுமக்களே ஆடும்படி வைக்க ஆசை. மூன்று மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முழுப் போரையும் வைக்காதீர்கள். கண்காட்சிக்கு வருகிறவர் உங்கள் மேசையைத் தேடி வருவதில்லை. பக்கத்து மேசையில் பழைய நாணயங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கையில் குழந்தையோடு வந்து நிற்பார். அவரிடம் இருபது நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். நான் முதன்முதலில் ஒரு மேசை வைத்தபோது நான்கு பக்க விதித்தாள் வைத்திருந்தேன். இரண்டாம் பக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கையில், எதிரே இருந்த பையன் பகடையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது அஞ்சலட்டையில் அடங்காத விதியை நான் வைப்பதே இல்லை.

ஆகவே போரிலிருந்து இரண்டு முடிவுகளை மட்டும் எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஆடுபவர் கையில் கொடுங்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதில் அதற்கு ஏற்ற இரண்டு தருணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பிரெஞ்சு லொரேன் படைப்பிரிவு நெருக்கமான நெடுவரிசையாக ஆங்கிலேய அணியின் மேல் பாய்ந்தது. எதிரே நின்ற ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படைப்பிரிவு, அவர்கள் கிட்டே வரும்வரை சுடாமல் பொறுத்திருந்தது. இதை ஒரே விதியாக்கலாம். தூரத்தில் சுட்டால் பகடையில் ஆறு விழுந்தால்தான் அடி. கிட்டே வரவிட்டுச் சுட்டால் நான்கு, ஐந்து, ஆறு மூன்றுமே அடி. ஆனால் மோதலுக்கு முன் ஒரே ஒரு முறைதான் சுடலாம். பெரியவர்கள் பொறுப்பார்கள், சிறுவர்கள் உடனே சுடுவார்கள் என்று நினைத்தேன். என் மேசையில் நேர்மாறாகத்தான் நடந்தது.

இன்னொன்று, பிரெஞ்சு இடது புறத்துக் குளத்துக்கரை அரண். அங்கே நின்ற வெடிமருந்து வண்டியின் மேல் ஆங்கிலேயக் குண்டு விழுந்து, ஏறத்தாழ 80 பேர் ஒரே வெடிப்பில் வீழ்ந்தார்கள். மற்றவர்கள் அரணை விட்டு ஓட, ஆங்கிலேயரின் டிரேப்பர் படைப்பிரிவு அதைப் பிடித்தது. மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். இந்த வெடிப்பை முன்கூட்டியே எழுதிவைத்த காட்சியாக்கிவிடாதீர்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைப் பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவரே தீர்மானிக்கட்டும். பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு முறைக்கு இரண்டு பகடை உருட்டிச் சுடலாம், ஆனால் வெடிக்கும் ஆபத்து உண்டு. பின்னால் நிறுத்தினால் பத்திரம், ஒரு பகடைதான். ஓர் உருவத்துக்கு 50 வீரர் என்று கணக்கு வைத்தால் அந்த 80 பேர் மேசையில் இரண்டே உருவம். போரைத் திருப்பியது உயிரிழப்பைவிட அதனால் வந்த கலக்கம்தான். எனவே வெடித்தால் அரணில் இருப்பவர்கள் எல்லோரும் பின்வாங்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

அதே கணக்கில் ஐரோப்பியர் பிரெஞ்சுப் பக்கம் ஏறத்தாழ 2,250 என்றால் 45 உருவம். ஆங்கிலேயப் பக்கம் ஏறத்தாழ 1,900 என்றால் 38. இரு பக்க இந்தியச் சிப்பாய்களையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 150 வரும். மூன்று மாதத்தில் இருவர் வண்ணம் பூசி முடிக்கலாம். 15 மில்லிமீட்டர் அளவு மலிவுதான், ஆனால் மூன்றடி தள்ளி நிற்பவருக்கு எறும்பு வரிசையாகத் தெரியும். 28 மில்லிமீட்டரே எடுங்கள். சிப்பாய்களைச் செலவுக்கு அஞ்சி விட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது நம் ஆட்களைத்தான். பிரெஞ்சுக்காரர்களோடு வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவில்லை. மேசை ஓரத்தில் நாலைந்து குதிரைகளை நிறுத்திவையுங்கள். 'இவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள்?' என்ற கேள்வியிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

உங்களில் ஒருவர் ஆட்டத்தை நடத்தட்டும், மற்றவர் சுற்றி நிற்பவர்களோடு பேசட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். பிரெஞ்சுப் படையின் தலைமைத் தளபதி லாலி பின்னர் என்ன ஆனார் என்று கட்டாயம் கேட்பார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததையும், 1766இல் பாரிஸில் அவர் தலை வெட்டப்பட்டதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லும்படி தயாராக இருங்கள். உங்கள் ஊரில் பிரெஞ்சுப் பக்கம் ஆடத்தான் போட்டி இருக்கும், அதற்கும் ஒரு வரிசை முறை வேண்டும்.

உருவங்களை நான்கு நான்காகக் கனமான பலகைத் துண்டில் ஒட்டுங்கள். வருகிறவர்கள் பலகையைப் பிடித்து நகர்த்தினால் வண்ணம் உரியாது. எவ்வளவு சொன்னாலும் துப்பாக்கி முனைக் கத்திகள் சில ஒடியத்தான் செய்யும். பசைக் குப்பியை மேசைக்கடியில் வையுங்கள். பனைமரங்களை மட்டும் ஒட்டாதீர்கள். கை நீட்டும் குழந்தைக்கு அவைதான் முதலில் தடுக்கும், எடுத்து ஓரமாக வைக்க முடிய வேண்டும்.