மகளுக்கு எழுதிய வீடும் மற்றும் சில மார்க்கக் கேள்விகளும்

தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபையும் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு), கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபையும் பின்பற்றுவதால், சட்டம் வேறுபடும் இடங்களில் இரண்டையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருபது பவுன் நகை இருக்கிறது. ஐந்து பவுனை அன்றாடம் அணிகிறேன். மீதி பீரோவில் உள்ளது. ஸகாத் கடமையா? அதைக் கணவர்தாம் கொடுக்க வேண்டுமா?

பதில்: தங்கத்தின் நிஸாப், அதாவது ஸகாத் என்னும் கட்டாயக் கொடை கடமையாகும் குறைந்தபட்ச அளவு, 20 மிஸ்கால் என்னும் பழைய எடை. இன்றைய எடையில் அதனை 85 கிராம் என்று பலரும், 87.48 கிராம் என்று இந்திய ஹனஃபி உலமாக்களும் கணக்கிடுகிறார்கள். ஒரு பவுன் 8 கிராம் என்பதால், பதினோரு பவுனைத் தொட்டாலே இரண்டு கணக்குகளும் நிறைவேறிவிடும். ஹனஃபி மத்ஹபில் அணிந்ததற்கும் வைத்திருப்பதற்கும் வேறுபாடில்லை. 160 கிராமில் நாற்பதில் ஒரு பங்கான 4 கிராம், அதாவது அரைப் பவுன், ஆண்டுதோறும் கடமையாகும். பணமாகக் கொடுப்பதானால் அன்றைய தங்க விலையைப் பார்த்தால் போதும். செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்க்க வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் அணிவதற்காக வைத்திருக்கும், வழக்கமான அளவை மீறாத நகைக்கு ஸகாத் இல்லை. திருமண வீடுகளுக்கு மட்டும் அணியும் நகையும் அணியும் நகைதான். ஆனால், பிற்காலத் தேவைக்கான சேமிப்பு என்று வாங்கிப் பூட்டி வைத்த தங்கத்திற்கு இந்தச் சலுகை கிடையாது. கடமை நகைக்கு உரியவரான உங்களுடையது. உங்கள் சம்மதத்தோடு கணவர் கொடுத்தால் நிறைவேறிவிடும். ஆண்டை ஹிஜ்ரிக் கணக்கில் எண்ணுங்கள். ஆங்கில ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாள் குறைவு.

கேள்வி: காயல்பட்டினத்தில் உள்ள வழக்கப்படி, மகளின் திருமணத்தின்போது வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்தேன். நானும் என் மனைவியும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்குப் பின் அந்த வீட்டில் என் இரண்டு மகன்களுக்கும் பங்கு உண்டா? மற்றச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?

பதில்: வாரிசுரிமைச் சட்டம் ஒருவர் இறக்கும்போது அவருக்குச் சொந்தமாக இருந்தவற்றைப் பற்றியது. உயிரோடிருக்கும்போது கொடுப்பது ஹிபா என்னும் அன்பளிப்பு. கொடுப்பவரின் சொல்லும் பெறுபவரின் ஏற்பும் போதாமல், பொருள் அவர் வசம் ஒப்படைக்கப்படும்போதே ஹிபா முழுமை பெறுகிறது. பத்திரம் பதிவதும் ஒப்படைப்பதும் வேறு வேறு. இந்திய நீதிமன்றங்களும் முஸ்லிம்களின் ஹிபாவில் பதிவைவிட ஒப்படைப்பையே அடிப்படையாகப் பார்க்கின்றன. நீங்கள் குடியிருந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, முன்போலவே உங்கள் சாமான்களோடு உரிமையாளராக இருந்து வருகிறீர்கள் என்றால், ஹிபா நிறைவேறவில்லை என்று நாளை உங்கள் மகன்கள் சொல்ல இடமுண்டு; அது நிறுவப்பட்டால் வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்தாகிவிடும். ஆகவே, சாமான்களை அப்புறப்படுத்தி, சாவியை மகளின் கையில் கொடுத்து, அதன்பின் அவளுடைய அனுமதியோடு அங்கே குடியிருப்பதே பேணுதலான வழி. வீட்டு வரியையும் மின் இணைப்பையும் அவள் பெயருக்கு மாற்றிவிட்டால் சான்றாகவும் இருக்கும்.

வீடு பெற்றதனால் மற்றச் சொத்தில் மகளின் பங்கு போய்விடாது. ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்று குர்ஆன் 4:11 விதிக்கிறது. உங்களுக்குப் பின் மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்து, உங்கள் பெற்றோர் இல்லாதிருந்தால், கடனும் மரண சாசனமும் போக எஞ்சியதை 40 பங்காக்கி, மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7 என்று பிரிக்க வேண்டும். அதே வேளையில், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி நுஃமான் பின் பஷீர் (ரலி) வழியாகப் பதிவாகியுள்ளது. காரணமின்றி ஏற்றத்தாழ்வாகக் கொடுப்பதை இரு மத்ஹபுகளும் செல்லத்தக்கது, ஆனால் வெறுக்கத்தக்கது என்கின்றன. மகன்களுக்கும் இயன்றதைச் செய்துவிடுவது நல்லது.

உங்கள் ஊரின் நிலை இது. வேறு பல ஊர்களிலிருந்து எனக்கு வருவதோ இதற்கு நேர்மாறான கேள்வி: கல்யாணத்திற்கு நகை போட்டாயிற்று என்று சொல்லி, தந்தை உயிரோடிருக்கும்போதே மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்னும் பிறக்காத உரிமையை விட்டுக்கொடுப்பது மார்க்கச் சட்டத்தில் செல்லாது. போட்ட நகையும் பங்குக்கு ஈடாகாது.

கேள்வி: கோன் மருதாணி இட்டிருந்தால் உளூ (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்வது) கூடுமா?

பதில்: நிறம் மட்டும் தோலில் ஏறியிருந்தால் கூடும். சில கோன்களின் சாயம் மெல்லிய படலமாக ஒட்டி, பிறகு தோலோடு தோலாக உரிந்து வருகிறது. உரிவது சாயப் படலமாக இருந்தால், நகப்பூச்சைப் போல அது தண்ணீரைத் தடுக்கும் என்பதால் நீக்கிவிட்டுத்தான் உளூச் செய்ய வேண்டும்.

கேள்வி: நோன்போடு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாமா? இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா?

பதில்: இரண்டினாலும் முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மஃரிப் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே நோன்பைத் திறந்துவிட்டுப் பின்னர் களாச் செய்யுங்கள், அதாவது வேறொரு நாளில் ஈடாக நோற்றுவிடுங்கள். இனி நோன்பு நோற்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு ஃபித்யா என்னும் ஈட்டுத் தர்மம் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஒரு முத்து (முத்து என்பது ஒரு முகத்தல் அளவு) அரிசி, பேணுதலுக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சென்னையில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை நெல்லையிலுள்ள சொந்த வீட்டுக்கு இரவு இரயிலில் சென்று இரண்டு நாள் தங்குவேன். கஸர் (பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது) செய்யலாமா?

பதில்: வழியில் செய்யலாம், நெல்லையில் கூடாது. மனைவி மக்கள் இருக்கும் சொந்த ஊரில் ஒரு நாள் தங்கினாலும் நீங்கள் பயணியல்லர். வழியில் ஷாஃபிஈக்கள் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம்; ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். கஸரில் இஷா இரண்டு ரக்அத். மஃரிப் எப்போதும் மூன்றே. கஸர் நகர எல்லையைக் கடந்த பிறகுதான் தொடங்கும் என்பதால், எழும்பூர் நிலையத்திலேயே இஷாத் தொழுதுவிட்டு ஏறுவதானால் நான்கு ரக்அத்தாகத் தொழுங்கள்.