‘லா நினா முடிந்துவிட்டது’ என்று வீடு விற்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், பிறை ஆற்றுப் பக்கம் பழைய தரைவீடு ஒன்றை விலை பேசியிருக்கிறோம். கடல் பெருக்கின்போது கால்வாய்த் தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருக்கிறதாம். “அது லா நினாவால் வந்தது, சுழற்சி முடிந்துவிட்டது, இனி வராது” என்கிறார் ஏஜெண்டு. வாங்கலாமா?

பதில்: அந்த வார்த்தையை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். சுழற்சி என்றாலே திரும்பி வரும்.

லா நினா என்பது சில வருஷத்துக்கு ஒருமுறை நடுப் பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து போவது; அது முதலில் பசிபிக் கடலின் சங்கதி. மலாக்கா நீரிணையின் வடக்கு வாய் அந்தமான் கடலைப் பார்த்திருப்பதால், பினாங்குப் பக்கத்து நீர்மட்டத்தில் இந்தியப் பெருங்கடலின் காற்றுக்கும் பெரிய பங்குண்டு. மேலைக் காற்று வலுத்தால் வெதுவெதுப்பான நீர் சுமத்ரா கரையில் சேர்ந்து, கரையோரமாக வடக்கே நகர்ந்து மட்டத்தை உயர்த்தும். 1997, 2019 ஆண்டுகளில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது, மட்டம் இறங்கியது. அப்படி இறங்கிய வருஷத்தில் வீடு பார்ப்பவருக்குக் கால்வாய் சாதுவாகத்தான் தெரியும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது, வீடு காட்டத் தேர்ந்தெடுக்கும் நாள். அஷ்டமி, நவமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறாது. பிப்ரவரி வாக்கில் நீரிணையின் சராசரி மட்டமே தாழ்ந்திருக்கும். அந்த நாளில் கூட்டிப்போய் “பாருங்கள், சொட்டுத் தண்ணீர் இல்லை” என்பார்கள். நீங்கள் தீபாவளிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள். மட்டம் உயரும் பருவமும் அமாவாசைப் பெருக்கும் அப்போது ஒன்றுசேரும். கடற்படையின் நீரளவை மையம் வெளியிடும் பெருக்கு அட்டவணையில் அன்றைய உச்ச நேரத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் கால்வாய் நீருக்கும் வாசற்படிக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளங்கள்.

அதே அட்டவணையில் அந்த ஆண்டின் மிக உயர்ந்த பெருக்கு அன்றையதைவிட எவ்வளவு கூடுதலோ, அதை நீங்கள் அளந்த இடைவெளியிலிருந்து கழியுங்கள். சுழற்சிக்கு 20 சென்டிமீட்டர் கழியுங்கள், அட்டவணை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. 35 ஆண்டுக் கடன் என்றால் இன்னும் 14 சென்டிமீட்டர் போகும். மிச்சம் இல்லையென்றால் வீட்டை விட்டுவிடுங்கள்.

அட்டவணை எண்ணையும் நில அளவையாளர் தரும் தரைமட்ட எண்ணையும் நேராக ஒப்பிட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். இரண்டுக்கும் பூஜ்யம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. கடலுக்கு ஓர் இலாகா, நிலத்துக்கு ஓர் இலாகா, கால்வாய்க்கு வேறொன்று. வீடு வாங்குபவருக்கு வேண்டிய ஒரே எண்ணை ஒரே தாளில் தர இத்தனை வருஷமாகியும் வழி செய்யவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கால்வாய் முகத்தில் மதகு இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும், வெளியே உயர்ந்தாலும் உள்ளே உயராது. ஆனால் மூடிய மதகுக்குப் பின்னால் மழைநீர் தேங்கும், அதை இறைக்கப் பம்ப் வேண்டும். மதகு இருக்கிறது என்ற பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். உச்ச நேரத்தில் இரு பக்கமும் நீர்மட்டத்தைப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால், கட்டையோ குப்பையோ சிக்கி மதகு மூடவில்லை. பம்ப் எத்தனை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று வடிகால் இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.